பச்சைப் பொட்டுக்கு நேரே

வினோலியாவுக்கு மனிதர்களின் முகம் சட்டென்று மறந்துபோகும். விரல் மறக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி டிக்கெட்டைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே, இவள் போனை இடது கையில் வைத்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் குத்துகிறவள் என்று சொல்லிவிடுவாள். அது வித்தையும் இல்லை, வரமும் இல்லை. பத்து வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அதுதான்.

திண்டுக்கல்லில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த சிறிய சாப்ட்வேர் கம்பெனியில் அவள் திரை வடிவமைப்பாளர். செல்போனில் ஓர் ஆப்பைத் திறந்தால் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது பெரிது, எது சிறிது, எதை அமுக்கினால் 'நிச்சயமா?' என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிற வேலை. கணவன் ஜெரோம் குட்டியானை வண்டியில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு ஏற்றுகிறவன். "நான் மூட்டைய ஏத்தி எறக்குறேன், இவ பொத்தானை ஏத்தி எறக்குறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவான். கேலிதான் என்றாலும் அதைவிடச் சரியாக அவள் வேலையை யாரும் விளக்கியதில்லை.

மேட்டுப்பட்டியில் பிறந்து, காந்திகிராமத்தில் படித்து, முதலில் அவள் போய்ச் சேர்ந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில். வாடிக்கையாளர்கள் அவள் தோளுக்குப் பின்னால் கூட்டமாக நின்று, கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து "இதைத் தூக்கி அங்கன போடு" என்பார்கள். தாய்மாமன் பெயர் பெரியப்பா பெயருக்குக் கீழே போய்விட்டது என்பதற்காக இரண்டு குடும்பம் கடைவாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். எது எந்த இடத்தில் இருக்கிறது என்பது சின்ன விஷயமே இல்லை என்று அவளுக்குப் பாடம் நடந்தது அங்கேதான்.

கம்பெனிக்கு வந்த பிறகு அவள் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். வரைந்த திரையை முதலில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுக்கொள்வாள். அதை எடுத்துக்கொண்டு நத்தத்துக்கோ குஜிலியம்பாறைக்கோ பஸ் ஏறுவாள். வழியில் அகப்படுகிறவர்களிடம் தாளை நீட்டி, "இது போனுன்னு நினைச்சுக்கங்க, பணம் கட்டணும்னா எங்க தொடுவீங்க?" என்று கேட்பாள். கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் கட்டாயம் சொல்லுவாள். "தப்பாத் தொட்டா உங்க தப்பு இல்ல. வரைஞ்ச என் தப்பு." அதைச் சொன்னால்தான் பயப்படாமல் தொடுவார்கள். அவர்கள் எங்கே தொட்டார்கள், எங்கே தயங்கினார்கள், எந்த விரலை முதலில் நீட்டிப் பின்னே இழுத்தார்கள் என்பதெல்லாம் கோடு போட்ட நோட்டுகளில் ஏறும். அப்படி நாலு நோட்டு சேர்ந்திருந்தது.

நாலாவது நோட்டு பச்சை அட்டை போட்டது. அதில் முழுக்க டயாலிசிஸ் நோயாளிகள்.

ஊரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் வார்டு இருந்தது. படுக்கை குறைவு, காத்திருப்பவர் அதிகம். அதனால் ஒவ்வொருவரும் தன் முறைக்கு முதல் நாள் சாயங்காலம், 'நாளை வருகிறேன்' என்று ஆப்பில் அமுக்க வேண்டும். அமுக்கினால் படுக்கையும் உண்டு, தூரத்துக் கிராமங்களுக்கு விடிகாலையில் வேனும் வரும். வர முடியாது என்று அமுக்கினால் அந்தப் படுக்கை வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த ஆப்பின் திரையை வரைந்தவள் வினோலியாதான். மேலே 'என் ரிப்போர்ட்', அடுத்து 'என் மருந்து', மூன்றாவதாக 'நாளை வருகிறேன்'. 'வர முடியாது' என்பதை வேண்டுமென்றே அடியில் தள்ளிச் சின்னதாக வைத்தாள். அமுக்கினாலும் 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி வந்து நிற்கும்.

போன வருஷம் அந்த வார்டில் போய் உட்கார்ந்திருந்தபோதுதான் பொட்டு விஷயத்தைப் பார்த்தாள். அங்கே நர்ஸ் நஜ்முன்னிசா எழுதப்படிக்கத் தெரியாத நோயாளிகளின் போனை வாங்கி, கண்ணாடியின் ஓரச் சட்டத்தில், 'நாளை வருகிறேன்' வரும் இடத்துக்கு நேராக ஒரு பச்சை ஒட்டுப்பொட்டை ஒட்டிக்கொடுப்பார். பொட்டுக்கு நேரே அமுக்கினால் போதும். டிராயரில் பொட்டு அட்டை அடுக்காக வைத்திருந்தார்.

"பொட்டே வைக்காதவ நான். என் கையால எத்தனை பேருக்குப் பொட்டு வெச்சிருக்கேன் பாருங்க" என்று சிரித்தார் நஜ்முன்னிசா.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவள் சிவனம்மாள். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் காட்டில் வீடு. நாற்பத்தெட்டு வயது, ஆடு வளர்த்துப் பிழைத்தவள். புருஷன் சடையாண்டி கரூர்ப் பக்கம் கோழிப்பண்ணையில் தங்கி வேலை பார்த்தார். புதனும் சனியும் அவளுக்கு முறை.

"எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. ரூவா நோட்டுத் தெரியும், பஸ்ஸு நம்பரு தெரியும், அம்புட்டுத்தேன். இந்தப் பொட்டு இருக்கங்காட்டி யாரு கையையும் எதிர்பார்க்காம நானே அமுக்கிக்கிறேன்" என்று போனைக் காட்டினாள்.

வினோலியா வழக்கம்போல, தப்பாகத் தொட்டாலும் உங்கள் தப்பு இல்லை என்றாள். சிவனம்மாள் அதை வினோதமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை போலும். அன்று பச்சை நோட்டில் வினோலியா எழுதியது இது: 'ஒன்பது பேர் போனில் பொட்டு. படிப்பதில்லை, இடம்தான். மூன்றாவது பொத்தானை எக்காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது.'

இந்த வருஷம் ஏப்ரலில் கம்பெனிக்கு ஏ.ஐ. வந்தது.

முதலாளி கிறிஸ்துராஜ் கெட்டவர் இல்லை. ஈஸ்டருக்கு எல்லார் வீட்டுக்கும் கேக் அனுப்புகிற மனிதர். ஆனால் வெளியூர்க் கம்பெனிகள் இரண்டு மாத வேலையை இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லி அவருடைய வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தன. அந்த மென்பொருளிடம் நாலு வரி எழுதினால் நாற்பது திரை வரைந்து கொடுத்தது. வினோலியா முதல் தடவை அதைப் பார்த்தபோது, குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தேடினாள். அகப்படவில்லை. அவளுக்குப் பயம் பிடித்தது.

ஜூனில் வடிவமைப்பாளர்கள் மூன்று பேரில் ஒரு பையனை வேண்டாம் என்றார்கள். ஜூலையில் அம்பிகாவை. அம்பிகா இப்போது சின்னாளபட்டியில் அண்ணனின் சேலைக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். மிஞ்சியவள் வினோலியா ஒருத்தி. மூன்று நாற்காலியில் இரண்டு காலியாகக் கிடக்க, அவள் காலையில் வந்து மின்விசிறியைப் போடும்போதே, இன்றைக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டுதான் போடுவாள்.

ஏப்ரலிலேயே கிறிஸ்துராஜ் சொல்லியிருந்தார். "உங்க பழைய நோட்டு, குறிப்பு எல்லாத்தையும் போட்டோ எடுத்து இதுல ஏத்திருங்கம்மா. நம்ம ஊரு ஆளுகளைப் பத்தி இது கத்துக்கணும்ல."

மூன்று நோட்டை ஏற்றினாள். பச்சை நோட்டை மட்டும் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு என்ற ஒரே எண்ணம்தான். ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'இதுபோன்ற குறிப்புகள் வேறு ஏதேனும் உள்ளனவா?' கீழே இரண்டு பெட்டி: ஆம், இல்லை. வினோலியா 'இல்லை' என்பதை அமுக்கினாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அவள் அப்படிப் பொய் சொன்னதில்லை. ஒரு இயந்திரத்திடம் சொன்னது பாவத்தில் சேருமா என்று அன்று ஜெபமாலை சொல்லும்போது நினைத்தாள், அப்புறம் மறந்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, டிரஸ்ட் ஆஸ்பத்திரி ஆப்புக்கு மென்பொருள் புதுத் திரை வரைந்து அவள் முன்னால் வைத்தது. இனிமேல் எல்லாருக்கும் ஒரே திரை கிடையாது. ஒவ்வொருவரும் எதை அதிகம் அமுக்குகிறார்களோ அது தானாக மேலே ஏறும். அதனால் 'நாளை வருகிறேன்' முதல் இடத்துக்குப் போயிருந்தது. இரண்டாவது 'என் மருந்து'. மூன்றாவது, நல்ல பெரிய பெட்டியாக, 'வர இயலாது'. இரண்டு முடிவும் ஒரே அளவில் தெரிவதுதான் நோயாளிக்கு நியாயம் என்று காரணமும் எழுதியிருந்தது. 'நிச்சயமா?' என்ற கேள்வியை, நேரத்தை வீணடிப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டிருந்தது. படித்தவர்கள் யார் பார்த்தாலும் சபாஷ் என்பார்கள்.

கூடவே ஒரு சோதனை அறிக்கை. ஆயிரம் செயற்கை நோயாளிகளை அதுவே உருவாக்கி, அவர்களை அமுக்கவைத்துப் பார்த்திருந்தது. 'அறுபது வயது, கண் மங்கல்' என்று ஒரு வகை. 'கிராமத்துப் பெண், படிப்பறிவு இல்லை' என்று ஒரு வகை. அந்தப் பெண்ணும் ஒரு தவறும் செய்யவில்லையாம். வினோலியா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆயிரம் பேரில் ஒருத்தர் போனிலும் பொட்டு இல்லை. பொட்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தெரிந்த ஒரே நோட்டு அவள் காலடியில் கைப்பைக்குள் இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை வந்தும் விட்டது. ஆனால் அவள் ஒரு கணக்குப் போட்டாள். ஒப்புதல் கொடுத்த பிறகு பத்து நாள் வெள்ளோட்டம் விடுவது கம்பெனி வழக்கம். அவளே வார்டில் போய் உட்கார்ந்து பார்ப்பாள். அப்போது பொட்டுப் பிரச்சினை தானாக வெளியே வரும். அப்போது சொன்னால், 'நல்லவேளை, வினோலியா இருந்தாங்க' என்பார்கள். நாற்காலி கொஞ்ச நாள் தப்பும். இப்போதே சொன்னால் மென்பொருள் நன்றி சொல்லித் திருத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அவள் ஒப்புதலை அமுக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் கிறிஸ்துராஜ் போகிறபோக்கில் சொன்னார். "ஆஸ்பத்திரி ஆப்பு நேத்து நாலு மணிக்கே எல்லாருக்கும் போயிருச்சும்மா. அதுதான் ஆயிரம் பேரை வெச்சு டெஸ்ட் பண்ணிருச்சே, வெள்ளோட்டம் வேணாம்னு விட்டுட்டேன்."

வினோலியா சரி சார் என்று மட்டும் சொன்னாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நஜ்முன்னிசாவைக் கேட்டு வார்டுக்குப் போன் போட்டாள். தங்கச்சி கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருப்பதாகவும் அடுத்த வாரம்தான் வருவார் என்றும் வேறு யாரோ சொன்னார்கள். அந்தக் கணமே முதலாளி அறைக்குப் போயிருக்க வேண்டும். போனால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பார். நோட்டை ஏன் மறைத்தாய் என்பார். வார்டில் ஆள் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது, ஆகியிருந்தால் இந்நேரம் போன் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் ஜெரோம், "வெஞ்சனத்துல உப்பு இல்லடி" என்று மூன்று நாளும் சொன்னான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மென்பொருள் வார அறிக்கை கொடுத்தது. 'வர இயலாது' அமுக்கியது போன வாரம் இரண்டு தடவை, இந்த வாரம் பத்தொன்பது தடவை. அதற்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்புக்குறி. 'ரத்து செய்வது எளிதாகியுள்ளது. படுக்கைகள் வீணாவது குறைந்துள்ளது. பயனர்கள் சிரமமின்றி முடிவெடுக்கிறார்கள்.'

பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். பொட்டுக்காரர்கள் ஒன்பது பேரும் இருந்தார்கள். வார்டில் எழுதியிருந்த குறிப்புப்படி, டவுனுக்குப் பக்கத்தில் இருந்த ஏழு பேர் ரத்து என்று தெரியாமலே நடந்து வந்து, திட்டு வாங்கி, எப்படியோ படுக்கை பெற்றிருந்தார்கள். ஒருவருக்கு மகன் போன் செய்து சரிபண்ணியிருந்தான். சிவனம்மாள் பெயருக்கு எதிரே இரண்டே வரி. செவ்வாய் மாலை 5.12, வர இயலாது. வெள்ளி மாலை 5.09, வர இயலாது. எடுத்துக்கொண்ட நேரம் 1.4 வினாடி. தயக்கம் இல்லை.

தயங்க மாட்டாள். பொட்டு இருக்கிறதே. போன சனிக்கிழமை படுத்தவள், இன்றோடு ஏழு நாள் சிகிச்சை இல்லாமல் இருக்கிறாள். அவளுடைய போனுக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. வார்டுக்கு அடித்தாள்.

"அவுங்களேதானேங்க வரலன்னு போட்டிருக்காங்க? ரெண்டு வாட்டி" என்றது தெரியாத ஒரு குரல். வேன் நத்தம் பக்கம் போயிருந்தது.

வினோலியா போனில் ஜெரோமைக் கூப்பிட்டாள். அவன் லோடு இறக்கிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் பேக்கரி வாசலில் வண்டி வந்து நின்றது. கிறிஸ்துராஜிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

எரியோடு ஊர் தாண்டும்வரை கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு, பொட்டு, ஒப்புதல், மூன்று நாள் வாய் திறக்காதது எல்லாம். ஜெரோம் கேலிக்காரன், எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பவன். அவன் அன்று கியரை மாற்றிவிட்டு ரோட்டையே பார்த்தான்.

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லம்பாக" என்றான் கடைசியில். "ஒரு நோட்டுப் புத்தகம் இம்புட்டுக் கனக்கும்னு எனக்குத் தெரியாதுடி."

"செத்துப்போயிருந்தா?"

அவன் வண்டியை இன்னும் விரட்டினான். இரண்டு பக்கமும் மழை காணாத சோளக்காடு. வினோலியா ஜெபிக்க முயன்றாள். அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு மனம் கேட்டது. இருந்தால் என்னை எதுவும் கேட்கக் கூடாது என்று இன்னொரு மனம் அதோடு சேர்த்துக் கேட்டது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது. தகரக் கூரை. வாசலில் ஆடுகள் கட்டுத்தறியிலேயே கத்திக்கொண்டிருந்தன, அவிழ்த்துவிட ஆளில்லை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் சிவனம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு நாளாக உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

ஜெரோம் வாசலிலேயே நின்று 108-க்குப் போன் போட்டான். வினோலியா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அக்கா, ஏன் யாருக்கும் சொல்லல?"

சிவனம்மாளுக்கு அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துப் பேசினாள்.

"வேனு வரல தாயி. நாந்தேன் தப்பா அமுக்கிட்டேன் போல. பொட்டுக்கு நேராத்தேன் அமுக்குனேன். வெள்ளிக்கெழமையும் பார்த்துப் பார்த்துத்தேன் அமுக்குனேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "போன் பண்ணுனா, ரெண்டு வாட்டி வராதவுகளுக்குப் படுக்கை இல்லேன்னு சொல்லிருவாகளோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். என் படுக்கையப் பறிச்சிராதீக."

 வினோலியா நாற்காலிக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த அதே மூன்று நாளும் இந்தப் பெண் படுக்கைக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வித்தியாசம், சிவனம்மாளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் வினோலியா அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீளும்போதெல்லாம் வினோலியாவின் மூச்சும் நின்றது. வண்டியில் ஏற்றி ஆக்சிஜன் வைத்ததும், டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லிவிட்டு, நஜ்முன்னிசாவை எப்படியோ கல்யாண மண்டபத்தில் போனில் பிடித்தாள். நாதஸ்வரமும் இல்லை, மேளமும் இல்லை, பின்னால் பெண்கள் பேச்சுச் சத்தம் மட்டும். நஜ்முன்னிசா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "படுக்கை ரெடியா இருக்கும், கொண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாதி வழியில் சிவனம்மாள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னீக. தப்பாத் தொட்டாலும் ஒன் தப்பு இல்லேன்னு." மூச்சு வாங்கினாள். "அப்ப யாரு தப்பு தாயி?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் பணியாளர் பேசக் கூடாது என்று முகமூடியை மறுபடியும் பொருத்தினார். வினோலியா அவளுடைய வீங்கின வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தப்புக்கா" என்றாள். "வரைஞ்சது இப்ப நான் இல்ல. ஆனா தெரிஞ்சிருந்தும் சொல்லாம விட்டவ நான்தான்."

ஆம்புலன்ஸ் இரைச்சலில் அது சிவனம்மாள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விரலை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டரைக்கு டயாலிசிஸ் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார், இன்னொரு ராத்திரி தாண்டியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஜெரோம் சுவரோரம் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். வினோலியா அழவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

நாலு மணிக்குப் பேக்கரி மாடிப்படி ஏறினாள். கிறிஸ்துராஜ் தனியாகத்தான் இருந்தார். பச்சை நோட்டை மேஜைமேல் வைத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்கிப் பழைய திரையைத் திரும்பக் கொண்டுவந்தார். அவ்வளவுதான் வேலை, ஒரு நொடி. அப்புறம் நோட்டைப் புரட்டினார். பொட்டைப் பற்றி எழுதிய பக்கத்தை நிறுத்திப் படித்தார்.

"இது இம்புட்டு நாளா எங்கம்மா இருந்துச்சு?"

"என் பையில சார்."

"ஏன்?"

"பயம் சார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார். "நாந்தானே வெள்ளோட்டத்தை நிறுத்துனேன்" என்றார். "எனக்கும் பயந்தான். அடுத்த வருஷம் இந்தக் கடை இருக்குமான்னு எனக்கே தெரியாது." பிறகு வேலைப் பேச்சுக் குரலில், "சரி, இதையும் ஏத்திருங்க. இன்னொரு ஆளுக்கு இப்படி ஆகக் கூடாது" என்றார்.

அது சரி. அதில் மறுபேச்சுக்கு இடமே இல்லை. வினோலியா தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து ஏற்றினாள். பஸ் குலுங்கலில் கோணலான எழுத்து. கடலை எண்ணெய்க் கறை. வார்டில் ஓர் ஆள் விரலை நீட்டித் தயங்கியதை அவள் கோட்டோவியமாகப் போட்டு வைத்த இடம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை எழுத நாலு வருஷம் ஆயிற்று. மென்பொருள் அதைப் படித்து முடிக்க அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரம் ஆயிற்று.

படித்ததும் அது வேலையில் இறங்கியது. பொட்டு வைத்த போன்களுக்குத் திரை இனி எந்நாளும் நகராது என்று விதி எழுதியது. பொட்டை எந்த உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று நர்ஸுகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்தது. 'வர இயலாது' அமுக்கினால் வார்டிலிருந்து ஓர் ஆள் போன் செய்து கேட்க வேண்டும் என்றது. போனைக் கைமாற்றிப் பிடித்தால் பொட்டு மறைந்துவிடுமே, இடதுகைக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டது. அந்தக் கேள்வி வினோலியாவுக்கு இத்தனை நாளில் தோன்றியதே இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அவள் வரைந்திருந்தால் இவ்வளவு சரியாக இருந்திருக்காது. அதைப் பார்க்கப் பார்க்க ஏப்ரலில் வந்த பயம் பழையபடி வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை ஒளித்துவைக்கப் பையில் ஒன்றும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறைமேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே பேக்கரியில் சாயங்காலப் பன் வெந்த வாசனை வந்தது. திரையில் கடைசியாக ஒரு கேள்வி நின்றது.

'நன்றி. இதுபோன்ற குறிப்புகள் வேறு ஏதேனும் உள்ளனவா?'

கீழே அதே இரண்டு பெட்டி. வினோலியா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். முன்னால் போய், தயங்கி, பின்னால் வந்தது. நோட்டில் எத்தனையோ பேருக்கு அவள் குறித்து வைத்த அதே தயக்கம். பிறகு 'இல்லை' என்பதை அமுக்கினாள். ஏப்ரலில் சொன்னது பொய். இப்போது அது உண்மை.